செய்தியை வாசித்தால் போதுமா?

2018 மே 9. ஜவ்வாது மலையடிவாரத்தில், போளூரை அடுத்த அத்திமூர்ப் பக்கம் குலதெய்வக் கோவிலுக்கு வழி கேட்டு ஒரு கார் நின்றது. மலேசியாவிலிருந்து வந்திருந்த உறவினர்களும் அதில் இருந்தார்கள். தெருவில் நின்ற பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். அவ்வளவுதான். ‘பிள்ளை பிடிக்கிறவங்க’ என்று செல்போனில் சேதி பறந்தது, ஆள் திரண்டது. காரில் வந்த 65 வயதுப் பெண்மணி அடித்தே கொல்லப்பட்டார். அடித்ததையும் வீடியோ எடுத்துப் பரப்பினார்கள்.

கைது, வழக்கு எல்லாம் நடந்தன. ஆனால் போலீஸ் வருவது உயிர் போன பிறகு. வதந்தியைச் சந்தேகிக்கக் கற்றுக்கொடுத்து அதற்கு முன்பே தடுத்திருக்க வேண்டிய பள்ளிக்கூடத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை. இந்த மௌனத்தைக் கண்டிக்கிறோம்.

அதே ஆண்டு நாடெங்கும் சுற்றிய வீடியோவில், தெருவில் விளையாடும் சிறுவனை பைக்கில் வந்த இருவர் தூக்கிச் செல்கிறார்கள். கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம் அது. பையனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை அட்டையைப் பிரித்துக் காட்டுவதோடு முடியும். அந்த முடிவை வெட்டிவிட்டுத்தான் இங்கே அனுப்பினார்கள். முழுப் படத்தையும் வெட்டியதையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, ‘எங்கே வெட்டியிருக்கிறார்கள், ஏன்?’ என்று கேட்டால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பிடித்துவிட மாட்டார்களா?

கேரளத்தின் கண்ணூரில் தடுப்பூசி வதந்தி பரவியதையடுத்து, மாவட்ட ஆட்சியர் முன்நின்று 2018-லேயே சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தார். நாம் 2023-ல், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் கிளம்பிய ஆண்டில், சென்னையில் தகவல் சரிபார்ப்பகம் அமைத்தோம். நல்லதுதான். அதன் மறுப்பு ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர் வாட்ஸ்அப் குழுவை எட்டுவதற்குள் வதந்தி தன் வேலையை முடித்திருக்கும்.

பள்ளிக் கல்வித் துறையும் பழங்குடியினர் நலத் துறையும் வரும் ஜூனுக்குள், முதலில் இந்த மலைப் பள்ளிகளில், செய்தியைச் சரிபார்க்கக் கற்பிக்க வாரம் ஒரு பாடவேளை ஒதுக்க வேண்டும். நடப்புச் செய்தியே பாடநூலாகட்டும். யார் சொன்னது, எங்கே எடுத்தது, இன்னொரு பத்திரிகை என்ன எழுதியது என்று மாணவரே தோண்டட்டும். 2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டுக்கொன்ற 20 பேரில் இந்த மலைக்காரர்களும் உண்டு. ஒரு தலைப்பில் அவர்கள் செம்மரக் கடத்தல்காரர்கள், இன்னொன்றில் கூலிகள். அந்தத் தலைப்புகளை அருகருகே வைத்துப் பேச, ஜவ்வாதுப் பிள்ளைகளைவிட உரிமையுள்ளவர் யார்? ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுங்கள். ‘காலை வழிபாட்டில்தான் தலைப்புச் செய்தி வாசிக்கிறோமே’ என்று மட்டும் பதில் அனுப்பாதீர்கள்.