மலிவான டீசல் கார்: ஆயில் இஞ்சின் கணக்கு இங்கே செல்லாது

மஞ்சளோ தேங்காயோ கொஞ்சம் நல்ல விலைக்குப் போய்விட்டால், அந்த ஆண்டு நம் வீடுகளில் கார் பேச்சு எழுவது வழக்கம். ஆஸ்பத்திரிக்குப் போக, பிள்ளைகளைக் கல்லூரி விடுதியில் விட, முகூர்த்த நாளில் நாலு கல்யாணத்துக்குத் தலைகாட்ட ஒரு வண்டி வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பேச்சு எப்போதும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது: "பழைய டீசல் வண்டியாகப் பார்த்து எடுத்துவிடலாம். விலையும் குறைவு, ஓட்டுகிற செலவும் குறைவு. டீசல் இஞ்சின் நமக்குத் தெரியாததா?"

இந்தக் கடைசி வார்த்தையில்தான் மோசம் இருக்கிறது என்பது என் கருத்து. பட்டுத்தான் சொல்கிறேன்.

2019-ஆம் ஆண்டு நானும் ஒன்று வாங்கினேன். 2011-ஆம் வருடத்து வண்டி. பக்கத்து டவுனில் ஒரு கார் கன்சல்டிங்கில் 1 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய். மீட்டர் 84 ஆயிரம் கிலோமீட்டர் காட்டியது. வாங்கி இரண்டு மாதம் கழித்து, சீட்டுக்கு அடியில் விழுந்த சில்லறையைத் தேடியபோது பழைய ஆயில் மாற்றிய சீட்டு ஒன்று கிடைத்தது. அதில் எழுதியிருந்த கிலோமீட்டர் 1 லட்சத்து 32 ஆயிரம்! விற்றவரிடம் கேட்டதற்கு, "நாங்க வாங்குறப்பவே அப்படித்தாங்க இருந்துச்சு" என்று முடித்துக்கொண்டார். எழுத்தில் எதுவும் வாங்கி வைக்காதது என் தவறு.

அதைவிடப் பெரிய தவறு அடுத்து நடந்தது. ஒரு நாள் அவசரத்துக்குப் பங்க் வரை போகாமல், மோட்டார் ரூமில் ஆயில் இஞ்சினுக்கென்று கேனில் வைத்திருந்த டீசலில் பத்து லிட்டரைக் காரில் ஊற்றினேன். ஒரு வாரத்தில் காலையில் ஸ்டார்ட் ஆவது சிரமமாயிற்று. பிறகு ஏற்றத்தில் திணறியது. ஈரோட்டில் பம்பு, நாசில் பார்க்கும் கடைக்குக் கட்டி இழுத்துப் போனோம். கழற்றிப் பார்த்த மெக்கானிக் தம்பி கேட்டார்: "ஏனுங்கண்ணா, இதையும் உங்க மோட்டார் ரூம் இஞ்சினுன்னு நெனச்சுட்டீங்களா?" நாலு இஞ்செக்டரையும் பம்பையும் சரிசெய்ய 46 ஆயிரம் ரூபாய் ஆயிற்று.

விஷயம் இதுதான். நம் ஆயில் இஞ்சினில் நாசில் ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் திறக்கிறது. கொஞ்சம் தூசு, கொஞ்சம் தண்ணீர் கலந்தாலும் இருமிக்கொண்டு ஓடும். கெட்டால் உள்ளூர் பிட்டரே நாசிலைக் கழற்றித் துடைத்து மாட்டிவிடுவார். 2005-க்குப் பிறகு பரவிய 'காமன் ரெயில்' கார்களில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டி 1,600 வரை போகிறது. அந்த இஞ்செக்டரின் உள் இடைவெளி தலைமுடியின் கனத்தில் மிகச் சிறு பங்கு. எப்போது, எவ்வளவு டீசல் பாய வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. கேனின் அடியில் நிற்கும் தண்ணீரும் துருவும் அதற்கு விஷம். பெயர் ஒன்றே தவிர, இரண்டும் வேறு வேறு சாதி இஞ்சின்கள்.

இந்த வண்டிகள் இவ்வளவு மலிவாக வருவது ஏன் என்பதையும் யோசிக்க வேண்டும். 2012 மே மாதம் தில்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். முப்பது ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தபடியால் ஊரே டீசல் காருக்கு ஓடியது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது, வித்தியாசம் சுருங்கியது. 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம், தில்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்றது; 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025-இல் அதில் சில தளர்வுகள் வந்தாலும், அதற்குள் ஏராளமான வண்டிகள் தெற்கே வந்துவிட்டன. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபோது மாருதி நிறுவனம் டீசல் கார் செய்வதையே விட்டுவிட்டது. ஆக, பட்டணத்துக்காரன் வேண்டாம் என்று கைகழுவிய சரக்குதான் நம் வாசலுக்கு வருகிறது. அதனாலேயே எல்லாம் குப்பை என்று சொல்லமாட்டேன். காரணம் தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவே.

இனி, ஓட்டுகிற செலவு. 2024 மார்ச்சில் விலை குறைத்த பிறகு சென்னையில் பெட்ரோல் 101 ரூபாயை ஒட்டியும், டீசல் 92 ரூபாயை ஒட்டியும் இருந்தன. அந்த விலையையே வைத்துக்கொள்வோம். நம்மைப் போன்ற சிறு விவசாயி மாதம் 400 கிலோமீட்டர் ஓட்டினால் அதிகம், வருடத்துக்கு 4,800. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் வண்டிக்கு 300 லிட்டர், 30 ஆயிரத்துச் சொச்சம். 20 கொடுக்கும் டீசலுக்கு 240 லிட்டர், 22 ஆயிரம். மிச்சம் 8 ஆயிரம் ரூபாய். என் 46 ஆயிரத்தை இதில் வகுத்துப் பாருங்கள். ஐந்தே முக்கால் வருட மிச்சம் ஒரு கேன் டீசலில் போயிற்று. டர்போ போனாலும் கிளட்ச்சோடு பிளைவீல் போனாலும் இதே கதைதான்.

தினம் அறுபது, எழுபது கிலோமீட்டர் ஓடுகிறவருக்குக் கணக்கு வேறு. வெளியூர் சந்தைக்கு நித்தம் போய்வருகிறவர், இரண்டு ஊரில் தோட்டம் உள்ளவர் ஆகியோருக்கு நல்ல டீசல் வண்டி லாபம்தான். அவர்களும் உதிரிபாகம் கிடைக்கிற வண்டியாகப் பார்க்க வேண்டும். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா இவற்றில் வந்த 1.3 லிட்டர் இஞ்சின் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. லட்சக்கணக்கில் ஓடியதால் சாமானுக்கும் கை தெரிந்த மெக்கானிக்குக்கும் பஞ்சமில்லை. நாலே வருடம் விற்று நின்றுபோன வெளிநாட்டு மாடல், பார்க்க எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், பாதி விலைக்குக் கொடுத்தாலும் நான் தொடமாட்டேன்.

பார்க்கப் போகிறவர்கள் காலையில் போங்கள். இஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பானட்டில் கை வைத்துச் சூடாக இருந்தால், முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். டீ குடித்துவிட்டு இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்துவிடுங்கள். ஆறிய இஞ்சின் ஒரே இழுப்பில் எடுக்கிறதா, நீலப் புகை தள்ளுகிறதா என்று கவனிக்க வேண்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் வேலை பெரிது. ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று அடிக்கிறதா என்பதை நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த ஒன்றில் மட்டும் ஆயில் இஞ்சின் அனுபவம் அப்படியே உதவும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் நின்ற வண்டிகள் எத்தனையோ. உட்காரும் துணியை மாற்றிவிடுவார்கள், பெல்ட்டின் அடியில் படிந்த சேற்றை மறந்துவிடுவார்கள்.

காகித விஷயத்தில் நாம் காட்டும் அசட்டை பெரிய அசட்டை. வேறு மாநில வண்டியாக இருந்தால் அந்த ஊர் தடையில்லாச் சான்று கையில் வந்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். இங்கே மறுபடி வரி கட்டுவதையும் விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். கடன் இருந்த வண்டி என்றால், ஆர்.சி.யில் அந்தக் கடன் நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம். 2012 வண்டி 2027-இல் புதுப்பிக்க வரும். 2022 ஏப்ரலிலிருந்து அதற்குக் கட்டணம் 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டினால் 2025-இல் அதை 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி, எஃப்.சி.க்குப் போகுமுன் டிங்கரிங் செலவு தனி. பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு நாள், இன்சூரன்ஸ், நிலுவை அபராதம் எல்லாம் தெரியும். வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள்.

பெயர் மாற்றத்தை 30 நாளுக்குள் முடித்துவிட வேண்டும். "படிவத்தில் கையெழுத்து வாங்கியாச்சு, அப்புறம் மாத்திக்கலாம்" என்று வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நம் ஊரில் பலர். விபத்தில் நம் வண்டிச் சேதத்துக்கு இழப்பீடு கேட்டால், பாலிசி யார் பெயரில் இருக்கிறது என்றுதான் முதல் கேள்வி வரும். விற்றவருக்கும் நிம்மதி இல்லை: ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துத் தக்காளியைக் கூலிக்கு ஏற்றிப் போய் விபத்தானால், சொந்தக் கார் பாலிசியில் இழப்பீடு மறுக்கப்படலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகும் என் பங்காளி மகன் ஒருவன் விடுவதாக இல்லை. "பெரியப்பா, 2014 வண்டி, ஒரே ஓனர், நீங்களே வந்து பாருங்க" என்கிறான். மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவாய் என்று கேட்டேன். இன்னும் பதில் சொல்லவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, விற்பவர் எழுந்து சாவி போடுவதற்கு முன்னால் அங்கே இருப்பதாக ஏற்பாடு. ஈரோட்டு மெக்கானிக் தம்பியையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவர் கூலி 500 ரூபாயை நானே கொடுத்துவிடுகிறேன்.