கணவர்களையும் உள்ளே அழையுங்கள்

செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். கர்ப்பிணிகள் உள்ளே வரிசையில்: எடை, ரத்த அழுத்தம், இரும்புச்சத்து மாத்திரை. கணவர்கள் வெளியே பைக் மீது, செல்போனும் கையுமாக. பிரசவம் பற்றிச் சொல்லப்படுவதெல்லாம் உள்ளே இருப்பவர்களுக்குத்தான். அதுவும் நெரிசலுக்கு நடுவே சில நிமிடங்கள்.

டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கு பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் உதவி கிடைக்கிறது. மாநில அரசு ஊழியருக்கு 2021 முதல் பேறுகால விடுப்பு 12 மாதம். நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் குழந்தைக்கு மார்பை எப்படிக் கொடுப்பது, சர்க்கரைத் தண்ணீரோடு சேனை வைக்க வரும் பெரியம்மாவிடம் எப்படி மறுப்பது, பிள்ளை பெற்ற பிறகு நாள் கணக்கில் அழும் மனைவியை எப்போது டாக்டரிடம் அழைத்துப் போவது, இதையெல்லாம் யார் சொல்வது? வீட்டுப் பெரியவர்கள் இருக்கிறார்களே என்பார்கள். பிழைப்புக்காக ஓசூரில் குடியேறிய தம்பதிக்குப் பெரியவர்கள் போனில் மட்டுமே. மிச்சத்துக்கு யூடியூப். அதைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்து, 2018இல் திருப்பூரில் ஓர் இளம்பெண் உயிரிழந்தார்.

நகரத்துத் தனியார் மருத்துவமனைகள் சிலவற்றில் பணம் கட்டினால் இதையெல்லாம் கணவன் மனைவி இருவருக்கும் சொல்லித்தரும் தம்பதி வகுப்பு உண்டு. அதை அரசு நிலையங்களில் இலவசமாக, கூலி கெடாத ஞாயிறு மாலையில் நடத்தலாம். ஏற்கெனவே பதிவேடுகளில் மூழ்கியிருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர் தலையில் இதையும் கட்டாமல், தனி ஊழியரும் தனி நிதியும் ஒதுக்க வேண்டும்.