அச்சில் ஏறும் பாரம்

மழை ஓய்ந்து சாலையில் பள்ளம் விழுந்தால் மழையைத்தான் திட்டுகிறோம். தார்ப் பரப்பில் விரிசல் இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது. அந்த விரிசலைப் போடுவது சக்கரம்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில், சிதைத்துப் பார்ப்பதற்காகவே சாலைகள் போட்டார்கள். 1958 முதல் 1960 வரை இராணுவத்தினர் அவற்றில் லாரிகளை ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். அங்கே தெரியவந்த கணக்கு இது: அச்சின் மேல் பாரம் இரண்டு மடங்கானால் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகும். எட்டு டன் அச்சு ஒன்று ஒரே தடவை கடந்து செய்யும் சேதத்தைச் செய்ய, அரை டன் தாங்கும் கார் அச்சு அறுபத்தைந்தாயிரம் தடவைக்கு மேல் போக வேண்டும்.

2018 ஜூலையில் மத்திய அரசு, நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சின் வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. நடை குறையும், டீசல் மிச்சமாகும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் பாரம் கூடியது 13 சதவீதம். மேலே சொன்ன கணக்குப்படி சேதம் கூடுவது 60 சதவீதத்துக்கும் மேல். பழைய வரம்பை நம்பிப் போட்ட சாலைகளின் ஆயுள் என்ன ஆகும்?

பாரம் ஏறினால் டயரில் காற்றும் ஏறும். இரண்டு டன் தாங்கும் டயரில் 80 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், அது தரையில் பதியும் இடம் சுமார் 350 சதுர சென்டிமீட்டர். 120 ஆக்கினால் 240தான். அதே எடை, சின்ன இடம். அடி மண்ணுக்கு இது பெரிதாகத் தெரியாது, அதற்கு மொத்த பாரம்தான் கணக்கு. மேலே இருக்கும் தார்க் கலவைதான் வாங்கிக் கட்டிக்கொள்கிறது. சித்திரை வெயிலில் தார் இளகியிருக்கும்போது, லாரிகள் நின்று கிளம்பும் சிக்னல்களில் சக்கரத் தடம் வாய்க்கால் போலப் பதிவது இதனால்தான்.

அதற்காகக் காற்றைக் குறைக்கச் சொல்ல முடியாது. காற்று குறைந்த டயர் சூடேறி வெடிக்கும். போவது ஓட்டுநரின் உயிர். குறைய வேண்டியது பாரம், அல்லது கூட வேண்டியது அச்சு. அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய் என்று சட்டம் அபராதம் வைத்திருக்கிறது. ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, ஓட்ட வைப்பவருக்கும் அது பொருந்தும். கல் குவாரியின் வாசலிலேயே எடை போட்டு, மிஞ்சிய ஜல்லியை அங்கேயே இறக்க வையுங்கள். சுங்கச்சாவடி வரை வந்த பிறகு பிடிப்பதற்குள், ஊராட்சிச் சாலை நொறுங்கிவிடுகிறது.