விலை போடாத பொம்மை

மாமல்லபுரம் போகும் வழியில், கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதி ஒன்றின் பிளெக்ஸ் இந்த வாரம் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டது. ஒட்டுத்துணிப் போர்வை தைத்தால் மன அழுத்தம் பறந்துபோகுமாம். பெரியவர்களுக்கு முழுக் கட்டணம், பிள்ளைகளுக்குப் பாதி. விசாரித்தால், துணியும் அவர்களே தருகிறார்களாம்: புத்தம்புதுசாக வாங்கி, சதுரம் சதுரமாக வெட்டியது. செங்கல்பட்டுத் தையல் கடைகளில் வெட்டுத்துணி மூட்டை மூட்டையாகக் கிடக்க, புதுத்துணியைத் துண்டாக்கி ஒட்டுப்போடுவது என்ன கூத்து?

பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கும் கொடுமையைப் பற்றி நான் புலம்பாத மாதம் இல்லை. ஓட்டுத்தையல் கோணினால் பிரித்துவிட்டு மறுபடி போடலாம். சிவப்பு மையால் யாரும் சுழிக்க மாட்டார்கள். ஒரு பிள்ளை பயமில்லாமல் தப்புச் செய்ய வாரத்தில் வாய்த்த ஒரே நேரம் அது. அதைப் பிடுங்கிக்கொண்டு, வளர்ந்த பிறகு காசுக்கு விற்கிறோம்.

தைத்தால் மனசு தேறுமா? தேறும். கிளாஸ்கோவில் போர்வை தைக்கும் குழுவினர் 29 பேரிடம் ஆய்வாளர்கள் பேசியிருக்கிறார்கள். வண்ணங்களைச் சேர்ப்பதில் உற்சாகம், வேலையில் மூழ்கும்போது கவலை மறப்பது, கூடி உட்கார்வதில் கிடைக்கும் சிநேகம் என்று அவர்கள் அடுக்கியிருக்கிறார்கள்.

அதற்குக் கிளாஸ்கோ எதற்கு? இதே கரையோரம் தெற்கே போனால் ஆரோவில். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின், பக்கத்து மீனவக் குப்பங்களில் பெண்கள் நிலைகுலைந்து போயிருந்தார்கள். 2005-ல் உமா பிரஜாபதியின் உபாசனா நிறுவனம் அவர்கள் கையில் ஊசியையும் மிச்சத் துணியையும் கொடுத்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டிப் பொம்மை பிறந்தது. பெயர் சுனாமிகா.

அந்தப் பொம்மைக்கு விலை போடவில்லை. அன்பளிப்பாக மட்டுமே கைமாறியது. பெற்றவர்கள் மனமுவந்து தந்த நன்கொடையில் தைத்தவர்களுக்கு வருமானம் வந்தது. எனக்கு அசத்தலாகப் பட்டது இந்த ஏற்பாடுதான். நிவாரண வரிசையில் கை நீட்ட வைக்கப்பட்ட பெண்கள், முகம் தெரியாத ஊர்க்காரர்களுக்குப் பரிசு அனுப்புகிறவர்கள் ஆனார்கள். ஊசி மனசை ஒருமுகப்படுத்தும், சரி. ஆனால் நிமிர்ந்து உட்கார வைப்பது, தைத்ததை வாங்கிக்கொள்ள எங்கோ ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பு.

பிரசவத்துக்கு வரும் மகளுக்கென்று பழம்புடவையை மடித்துத் தைத்துவைத்த நம் பாட்டிமாருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. என் அலமாரியிலும் பழம்புடவைகள் கிடக்கின்றன. யாருக்குத் தைப்பது என்று முடிவு செய்துவிட்டுத்தான் ஊசியை எடுக்கப்போகிறேன்.