விளக்கு தேய்க்க பாத்ரூம் ஆசிட் எதுக்குங்க?

1/ ஆயுத பூஜை, கார்த்திகை நெருங்கினா போதும். "தேய்க்கவே வேணாம், ஊத்தினா போதும்"னு ஒரு ரீல்ஸ் சுத்த ஆரம்பிச்சுடும். கறுத்துப்போன பித்தளைக் குத்துவிளக்கு மேல டாய்லெட் க்ளீனரை ஊத்துவாங்க. பத்து செகண்ட்ல பளபள. தயவுசெய்து இதைச் செய்யாதீங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமான பதிவு.

2/ பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். மேலே கறுப்பா படிஞ்சிருப்பது பெரும்பாலும் செம்பு காற்றோடு வினைபுரிந்து உண்டான ஆக்சைடு. அதைக் கரைக்க மென்மையான அமிலம் போதும். புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கு, எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம் இருக்கு. பாட்டி புளியும் உப்பும் போட்டுத் தேய்ச்சது வெறும் பழக்கம் இல்லை, சரியான வேதியியல்.

3/ "அதுவும் அமிலம், இதுவும் அமிலம், அப்புறம் என்ன டாக்டர்?" டாய்லெட் க்ளீனர் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், சுமார் 10% அளவுக்கு. அது கறையோட நிக்காது, பித்தளையில இருக்கிற துத்தநாகத்தையும் அரிச்சு எடுத்துடும். விளக்கு அங்கங்கே செம்பு நிறத்துல சிவந்து தெரியுதா? உலோகமே போனதோட அடையாளம் அது.

4/ சரி, விளக்கு போனா வேற வாங்கிக்கலாம். நுரையீரல்? ஆசிட்டுக்கும் போகாத கறைக்கு "கொஞ்சம் ப்ளீச்சிங் பவுடர் சேருங்க"ன்னு அடுத்த ஐடியா வரும். ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு. 1915 ஏப்ரல்ல ஈப்ர போர்க்களத்துல ஜெர்மன் ராணுவம் திறந்துவிட்ட அதே வாயு. ஈரமான மூச்சுக்குழாயில் பட்டதும் அமிலமா மாறும். இருமல், கண் எரிச்சல், நெஞ்சு இறுக்கம். சிலருக்குப் பல மணி நேரம் கழிச்சு நுரையீரலில் நீர் கோர்க்கும். ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு இன்னும் மோசம்.

5/ "க்ளவுஸ் போட்டுக்கிறோமே?" க்ளவுஸ் கையைத்தான் காப்பாத்தும், மூச்சை இல்லை. அதுவும் போக, உண்மையைச் சொல்லுங்க. தேய்க்கிறது நீங்களா, வீட்டு வேலைக்கு வர்ற அக்காவா? அவங்களுக்கு க்ளவுஸ் வாங்கிக் கொடுத்தீங்களா?

6/ மிச்ச ஆசிட்டை எங்கே வைக்கிறீங்க? பழைய தண்ணி பாட்டில்ல. குழந்தைக்கு அது தண்ணிதான். ஒரு வாய் உள்ளே போனா உணவுக்குழாயும் இரைப்பையும் வெந்துபோகும். புண் ஆறும்போது குழாய் தழும்பாகிச் சுருங்கலாம். அப்புறம் சோறு இறங்கவே எண்டோஸ்கோப்பி வழியா திரும்பத் திரும்ப விரிக்க வேண்டியிருக்கும்.
குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்புத் தண்ணி, சோப்புத் தண்ணி கொடுக்காதீங்க. உடனே 108. அந்த பாட்டிலையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

7/ "பத்து வருஷமா ஊத்துறோம், ஒண்ணும் ஆகலையே?" ஒண்ணும் ஆகாதவங்கதான் ரீல்ஸ் போடுவாங்க. ஆனவங்க எமர்ஜென்சி வார்டுல ஆக்சிஜன் மாஸ்க்கோட இருப்பாங்க. அதை யாரும் வீடியோ எடுத்துப் போடுறதில்லை.

8/ அப்போ என்ன செய்யலாம்? எண்ணெய்ப் பிசுக்கை முதல்ல வெந்நீரும் சீயக்காயும் போட்டுக் கழுவுங்க. ஊறவெச்ச புளியோட கல் உப்பு சேர்த்துத் தடவி, பத்து நிமிஷம் விட்டு, தேங்காய் நாரால தேய்ங்க. நிறைய தண்ணியில அலசி, உடனே துணியால ஈரம் போகத் துடைங்க. புளிப்பும் ஈரமும் தங்கினா பச்சைக் களிம்பு ஏறும். கடைசியா விபூதி தொட்டுத் துடைச்சா நல்ல மினுமினுப்பு. உள்ளே ஈயம் பூசின பாத்திரத்தை மட்டும் உள்பக்கம் அழுத்தித் தேய்க்காதீங்க.

9/ இதுக்கு அரை மணி நேரம் ஆகும், கையும் வலிக்கும். ஒத்துக்கிறேன். வீட்டுல எல்லாரும் ஆளுக்கொரு விளக்கை எடுத்துக்கோங்க. இப்பவே பாத்ரூம்ல போய்ப் பாருங்க, தண்ணி பாட்டில்ல ஆசிட் இருந்தா முதல்ல அதை அப்புறப்படுத்துங்க. அந்த ரீல்ஸை ஃபார்வர்டு பண்ணின குடும்ப குரூப்லயே இதையும் போடுங்க.