முட்டி என்ன லாரி டயரா?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை முழுக்கக் கால்கள்தான். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், பெரும்பாலும் செருப்பில்லாமல், கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். நடப்பதையே வழிபாடாக வைத்திருக்கும் இந்த ஊரிலும், ஐம்பதைத் தாண்டிய பெண் ஒருத்தி முட்டியில் கையை ஊன்றித் தரையிலிருந்து எழுந்தால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “வயசாயிடுச்சு, முட்டி தேஞ்சுபோச்சு. இனிமே நடையைக் குறைச்சுக்கோ.” அக்கறையோடு சொல்லப்படுவதால் இதை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. பேசத்தான் வேண்டும். பல நேரங்களில் நோயைவிட இந்த அறிவுரைதான் ஆளை முடக்குகிறது.

முட்டியை லாரி டயராக நினைப்பதில் தொடங்குகிறது பிழை. ஓடினால் தேயும், ஓரங்கட்டினால் மிஞ்சும் என்ற கணக்கு குருத்தெலும்புக்குப் பொருந்தாது. அதற்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் ஊறும் வழவழப்பான திரவம்தான் ஊட்டம். அடி வைக்கும்போது அமுங்கி, காலைத் தூக்கும்போது விரிந்து, ஸ்பாஞ்சு போல அதை உறிஞ்சிக்கொள்கிறது. நடையை நிறுத்தினால் தொடைத் தசை வற்றும், எடை ஏறும், தசை தாங்க வேண்டிய பாரம் மூட்டின் தலையில் இறங்கும். அமெரிக்காவில் முட்டித் தேய்மானம் உள்ள, 50 வயதும் அதற்கு மேலும் ஆன 1,212 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2022இல் வெளிவந்தது. உடற்பயிற்சியாக நடந்தவர்களுக்குப் புதிதாக அடிக்கடி முட்டி வலி வரும் வாய்ப்பு, நடக்காதவர்களைவிடச் சுமார் 40 சதவீதம் குறைவு. வயதுக்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 1990இல் இந்தியாவில் சுமார் 2.3 கோடியாக இருந்த மூட்டுத் தேய்மான நோயாளிகள் 2019இல் 6.2 கோடியானார்கள், முதியோர் பெருகியதைக் கழித்துக் கணக்கிட்டாலும் விகிதம் ஏறியே இருக்கிறது. அந்த ஏற்றத்துக்கு வயது எப்படிப் பொறுப்பாகும்?

“காலமெல்லாம் வயலில் உழைத்தவளுக்கும்தானே முட்டி வலிக்கிறது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாள் முழுக்கக் குந்தியிருந்து கடலை பறிப்பதும் தலையில் சுமை தூக்குவதும் உழைப்பு, உடற்பயிற்சி அல்ல. ஆழ மடக்கிய முட்டியில் மணிக்கணக்கில் பாரம் ஏற்றுவது கெடுதல்தான். “கிரிவலம் போனால் மறுநாள் எழவே முடியவில்லையே?” என்பதும் உண்மைதான். மாதம் முழுக்க உட்கார்ந்துவிட்டு ஒரே இரவில் 14 கிலோமீட்டர் நடந்தால் எந்த முட்டியும் வீங்கும். தினமும் அரைமணி நடையும், நாற்காலியில் அமர்ந்தபடி காலை நேரே நீட்டிப் பத்து எண்ணி இறக்கும் பயிற்சியும் வேறு வகை. எக்ஸ்ரே மோசமாக இருக்கிறது என்பார்கள். படமும் வலியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. படத்தில் தேய்ந்த முட்டியோடு வலியில்லாமல் நடமாடுகிறவர்கள் எத்தனையோ பேர்.

முட்டி வலியை விதி என்று ஒப்புக்கொண்டபின் யாருக்கும் பொறுப்பில்லை. அதுதான் இந்த நம்பிக்கையின் பெரிய தீங்கு. தைலம், முட்டிப் பட்டை, வலி மாத்திரை என்று குடும்பம் தனியே செலவழிக்கிறது. வருடக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரை சிறுநீரகத்தைப் பதம் பார்க்கிறது. 2017இல் மத்திய அரசு செயற்கை முட்டியின் விலைக்கு உச்சவரம்பு விதித்தது நல்ல காரியம். ஆனால் அது கடைசிக் கட்டம். 2010இல் வந்த தேசியத் தொற்றாநோய்த் திட்டம் புற்றுநோய், சர்க்கரை, இதயநோய், பக்கவாதத்தை எடுத்துக்கொண்டது, முட்டிக்கு இடமில்லை. அமெரிக்காவில் 2011இல் மூட்டுத் தேய்மானத்துக்கென்றே அமைப்புகளைச் சேர்த்து ஒரு கூட்டணி அமைத்தார்கள். இங்கே அதற்கான துண்டுகள் ஏற்கெனவே கிடக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபி உண்டு. 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் வந்தது. அரசு மருத்துவக் கல்லூரி, மாநகராட்சி, மகளிர் சுயஉதவிக் குழுக்கள், அண்ணாமலையார் கோயில் நிர்வாகம் எல்லாம் ஒரே ஊரில் இருந்தும் ஒரே மேசையில் இல்லை.

அந்த மேசையை மருத்துவக் கல்லூரிதான் போட வேண்டும். முதல் வேலையாக, தொடைத் தசைப் பயிற்சியைச் சுயஉதவிக் குழுப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கட்டும். மருத்துவர்கள் ‘நடக்காதீங்க’ என்பதற்குப் பதில் எவ்வளவு நடக்கலாம் என்று சீட்டில் எழுதித் தரட்டும். கிரிவலப் பாதை பௌர்ணமி அல்லாத நாட்களிலும் திறந்தே இருக்கிறது.