ஆளுக்கு எத்தனை ஆண் மான்? அமெரிக்க வேட்டைக்காரர்களின் தீராத பஞ்சாயத்து

நம்ம ஊரில் மானைச் சுட்டால் ஜெயில்தான். 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதில் கறாராக இருக்கிறது. அமெரிக்காவில் கதையே வேறு. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் லட்சக்கணக்கானோர் முறைப்படி லைசென்ஸ் வாங்கிக்கொண்டு மான் வேட்டைக்குக் கிளம்புகிறார்கள். சுடலாமா, கூடாதா என்பதெல்லாம் அவர்களுக்குள் கேள்வியே இல்லை. ‘ஒரு ஆள் ஒரு சீசனில் எத்தனை ஆண் மான் சுடலாம்?’ என்பதில்தான் சண்டை.

பதில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பென்சில்வேனியா, ஒஹாயோ, கென்டக்கியில் ஆளுக்கு ஒன்று. ஜார்ஜியாவில் இரண்டு. அலபாமாவில் மூன்று; அதுவும் 2007-ல்தான் வந்தது. அதற்கு முன்பு அங்கே சீசன் முழுக்க நாளுக்கு ஒரு ஆண் மான் சுடலாம். இண்டியானா 2002-ல் ‘ஆளுக்கு ஒன்று’ விதியைக் கொண்டுவந்தது. வாதம் இன்னும் ஓயவில்லை.

மான்கள் இவ்வளவு பெருகியது எப்படி?

1900 வாக்கில் அமெரிக்காவில் வெள்ளைவால் மான் சில லட்சங்களாகச் சுருங்கிப்போயிருந்தது. இறைச்சிக்கும் தோலுக்கும் வரைமுறையில்லாமல் சுட்டுத் தள்ளியதன் விளைவு. அதன் பிறகு சட்டங்கள் வந்தன. பல மாநிலங்கள் பெண் மானைச் சுடவே கூடாது என்றன. 1937-ல் துப்பாக்கி, தோட்டா விற்பனை வரியை வனவிலங்கு மீட்புக்கு ஒதுக்கும் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் வந்தது.

திட்டம் தேவைக்கு மேலேயே வெற்றி பெற்றுவிட்டது. இன்று சுமார் 3 கோடி வெள்ளைவால் மான்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். நாட்டின் கிழக்குப் பகுதியில் பெரும்பாலான இடங்களில் ஓநாயும் இல்லை, மலைச் சிங்கமும் இல்லை. மான்கள் இளஞ்செடிகளை மேய்ந்து தீர்ப்பதால் பல காடுகளில் புது மரங்களே எழுவதில்லை. சோளமும் சோயாவும் போகின்றன. நெடுஞ்சாலையில் காரில் வந்து மோதுகின்றன. பழைய வேட்டை விலங்குகளின் வேலையை இப்போது லைசென்ஸ் வைத்திருக்கும் மனிதன்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

எண்ணிக்கையைத் தீர்மானிப்பது யார்?

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். ‘ஆண் மான் சுடுவதைக் குறைத்தால் மான் இனம் பிழைக்கும்’ என்று தோன்றும். உயிரியல் அப்படிச் சொல்லவில்லை.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு காட்டில் 100 பெண் மான், 50 ஆண் மான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆண் மான் பல பெண் மான்களோடு சேரும். 50-ல் 30-ஐச் சுட்டாலும் மீதி 20 போதும். அடுத்த வசந்தத்தில் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறையாது. அதே 30 பெண் மான்களைச் சுட்டால்? வளர்ந்த பெண் மான் பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். கிட்டத்தட்ட 60 குட்டிகள் குறையும்.

ஆக, மந்தை பெருகுவதும் சுருங்குவதும் பெண் மான் கையில் இருக்கிறது. ஆண் மான் வரம்பு தீர்மானிப்பது வேறு இரண்டு விஷயங்களை: கொம்பு யாருக்குக் கிடைக்கும், அந்த ஆண் மானுக்கு எத்தனை வயது இருக்கும்.

‘ஒன்னு போதும்’ என்பவர்கள்

இவர்களின் வாதம் வயதைப் பற்றியது. மான் கொம்பு ஒவ்வொரு ஆண்டும் உதிர்ந்து புதிதாக முளைக்கும். வயது ஏற ஏற பெரிதாகும். ஐந்தாறு வயதில்தான் முழு வளர்ச்சி. ஆனால், பல மாநிலங்களில் நீண்ட காலம் சுடப்பட்ட ஆண் மான்களில் பெரும்பாலானவை ஒன்றரை வயதுக் குட்டிப் பையன்கள். முதல் கொம்பு முளைத்த உடனே கதை முடிந்துவிடும்.

ஒரே ஒரு வாய்ப்புதான் என்றால் வேட்டைக்காரர் அவசரப்பட மாட்டார். சின்னதை விட்டுவிட்டுப் பெரியதற்குக் காத்திருப்பார். ‘நான் விட்டா பக்கத்து நிலத்துக்காரன் சுட்டுடுவான்’ என்ற பயமும் கொஞ்சம் குறையும், ஏனென்றால் பக்கத்துக்காரருக்கும் ஒன்றுதான். பகிர்வு என்ற அளவில் இது நியாயமான வாதம்.

‘எங்க கையைக் கட்டாதீங்க’ என்பவர்கள்

எதிர்த்தரப்பையும் லேசாக ஒதுக்க முடியாது. கொம்பை எல்லோரும் சுவரில் மாட்டுவதற்காகப் போவதில்லை. பலருக்கு அது ஒரு குளிர்காலத்துக்கான இறைச்சி. அக்டோபரில் வில்லோடு போய் ஒரு ஆண் மானை வீழ்த்தியவர், நவம்பரில் குடும்பத்தோடு துப்பாக்கி சீசனுக்குப் போகும்போது ஆண் மான் எதிரே வந்தாலும் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். நிலமும் நேரமும் உள்ளவர் பெரிய கொம்புக்காக மூன்று மாதம் காத்திருப்பார். வாரக் கடைசியில் மட்டும் லீவு கிடைக்கும் தொழிலாளி என்ன செய்வார்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டு ஆண் மானுக்கு அனுமதி இருக்கும் இடங்களிலும் இரண்டையும் வீழ்த்துபவர்கள் சிறுபான்மைதான். சீசன் முழுக்க ஒன்றுகூடக் கிடைக்காமல் திரும்புபவர்கள் ஏராளம். எனவே வரம்பை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைப்பதால் தப்பிக்கும் ஆண் மான்கள் நினைப்பதைவிடக் குறைவு.

பென்சில்வேனியா இதற்கு நல்ல உதாரணம். அங்கே வரம்பு ஏற்கெனவே ஒன்றுதான். அப்படியும் இளம் ஆண் மான்கள்தான் விழுந்துகொண்டிருந்தன. 2002-ல் ‘கொம்பின் ஒரு பக்கத்தில் குறைந்தது 3 கிளை, மேற்குப் பகுதிகளில் 4 கிளை இருந்தால்தான் சுடலாம்’ என்ற விதி வந்த பிறகே நிலைமை மாறியது. இப்போது அங்கே சுடப்படும் ஆண் மான்களில் பாதிக்கு மேல் இரண்டரை வயதைத் தாண்டியவை. எத்தனை என்ற விதியால் ஆகாததை, எது என்ற விதி செய்துகாட்டியது.

பெண் மான் என்றால் ஏன் கோபம்?

பெண் மானைச் சுட்டால்தான் எண்ணிக்கை குறையும் என்று தெரிந்தும் ஏன் தயக்கம்? ‘பெண் மானைத் தொடாதே’ என்று சொல்லித்தான் ஒருகாலத்தில் மான்களையே காப்பாற்றினார்கள். அந்தப் பாடம் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்துவிட்டது.

சூழலியல் சிந்தனையாளர் ஆல்டோ லியோபோல்டுக்கே இந்த அனுபவம் உண்டு. 1943-ல் விஸ்கான்சினில் கொம்பில்லாத மான்களையும் சுட அனுமதித்தபோது அவர் மீது கண்டனம் குவிந்தது. பென்சில்வேனியாவில் 2000-க்குப் பிறகு பெண் மான் வேட்டையைக் கூட்டிய உயிரியலாளர் கேரி ஆல்ட்டும் கடும் எதிர்ப்புக்கு நடுவே 2004 கடைசியில் பதவியை விட்டார். ‘முதலில் கொம்பில்லாத மான் ஒன்றைச் சுடு, பிறகு ஆண் மான்’ என்ற விதியை விஸ்கான்சின் 1990-களில் கொண்டுவந்தது. மந்தையைக் குறைக்க நன்றாகவே உதவியது. ஆனால் வேட்டைக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. 2011-ல் மாநில அரசே அதைத் தூக்கிவிட்டது.

இப்போது புதுச் சிக்கல்: நோய்

‘நாள்பட்ட நலிவு நோய்’ மானின் மூளையைத் தாக்கும், வந்தால் மரணம்தான். தடுப்பூசியும் இல்லை, சிகிச்சையும் இல்லை. கொலராடோவில் 1967-ல் முதலில் கவனிக்கப்பட்டது, 2002-ல் விஸ்கான்சினில் கண்டறியப்பட்டது. மனிதருக்குப் பரவியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோயுள்ள மானின் இறைச்சியைச் சாப்பிட வேண்டாம் என்கிறார்கள் சுகாதார அதிகாரிகள்.

இந்த நோய் வளர்ந்த ஆண் மான்களிடம் அதிகம் காணப்படுகிறது. இனப்பெருக்கக் காலத்தில் வெகுதூரம் அலைபவையும் அவைதான். அப்படியானால், வயதான ஆண் மான்களைக் காப்பாற்றும் விதி, நோய் உள்ள இடத்தில் நோயையும் சேர்த்துக் காப்பாற்றக்கூடும். மிசோரி மாநிலம் நோய் கண்ட பகுதிகளில் கொம்புக் கிளை விதியை நீக்கியது இதனால்தான்.

என்ன செய்யலாம்?

‘ஆளுக்கு ஒன்று’ என்பது நல்ல அடிப்படை விதி என்றே தோன்றுகிறது. காடு பொதுச் சொத்து, மானும் பொதுச் சொத்து. அதில் கிடைக்கும் கொம்பு நாலு பேருக்கு மட்டும் போகக் கூடாது. ஆனால் அரசுகள் அதைப் பகிர்வு விதி என்றே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ‘மான் வளம் பாதுகாப்பு’ என்ற பெயரில் விற்றால், பெண் மான் வேட்டை என்ற கசப்பான வேலையிலிருந்து எல்லோரும் நழுவிக்கொள்ள அது ஒரு சாக்காகிவிடும்.

பெண் மான் அனுமதியை மாவட்டவாரியாக, காட்டின் நிலையைப் பார்த்து நிர்ணயிக்க வேண்டும். சாப்பிட்டு மீதமாகும் இறைச்சி உணவு வங்கிகளுக்குப் போக வழி எளிதாக இருந்தால், இன்னும் ஒரு பெண் மானைச் சுடத் தயங்குபவரும் சுடுவார். நோய் பரவிய பகுதியில் ஆண் மான் வரம்பைத் தளர்த்தத் தயங்கக் கூடாது.

கொம்பை எண்ணுவது சுலபம். வாக்குவாதத்துக்கும் சுவாரஸ்யமாக இருக்கும். ஆனால் அடுத்த 20 ஆண்டுகளில் அந்தக் காட்டில் புது மரம் நிற்குமா, நிற்காதா என்பதைத் தீர்மானிக்கப்போவது, இந்த சீசனில் எத்தனை பெண் மான் சுடப்பட்டது என்ற கணக்குதான். வாதத்தை அந்தக் கணக்கிலிருந்து தொடங்கட்டும்.